வாடகை வீட்டுக்குச் சாயம் அடிப்பதற்கு முன் குளியலறைத் தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார், நம் மக்கள் சேமிப்பைச் சும்மா வைத்திருக்காமல் ஒரு சின்ன அடுக்குமாடி வீடாவது வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்று. எனக்கு அதில் மறுப்பு இல்லை, நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் வீட்டைச் சரிபண்ணும் வேலையை அவர் "கொஞ்சம் சாயம் அடித்து விட்டால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியில் எனக்கு ஐந்து மாதம் போனது. 18,000 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்ட கணக்கு 31,000 வெள்ளியில் வந்து நின்றது. கீழ்வீட்டு அம்மா ஒருவர் என்னால் மூன்று வாரம் கஷ்டப்பட்டார். இதையெல்லாம் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 26 வருடமாக வேலை செய்கிறேன். ரெலாவ் பக்கத்தில் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ஃபிளாட்டில், மூன்றாவது மாடியில், 700 சதுர அடி வீடு. மூன்று அறை, இரண்டு குளியலறை. கட்டி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினோம், அவர் காலத்தில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. சாவி கையில் வந்த அன்றைக்கு நானும் என் கணவரும் உள்ளே போய் நின்றபோது எங்கள் கண்ணில் பட்டதெல்லாம் அழுக்குச் சுவர், மங்கிப்போன தரை, துருப்பிடித்த கிரில், உடைந்த சமையலறை அலமாரி. நாங்கள் முதலில் பணம் கொடுத்ததும் இவற்றுக்குத்தான். ஹாலுக்குப் பிளாஸ்டர் சீலிங்கும் சின்னச் சின்ன விளக்குகளும், அறைகளுக்கு மரம் மாதிரி தெரியும் லேமினேட் தரையும் போட்டோம், ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த நீலத்தில் சாயம் அடித்தோம். வாடகைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்தே முடிவு பண்ணுகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

குளியலறைக்கு வந்தபோது கையில் பணம் குறைந்திருந்தது. வீட்டு வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) நல்ல அனுபவம் உள்ளவர்தான். பழைய டைல்ஸை உடைத்தால் சத்தம், தூசி, ஜேஎம்பியிடம் (ஃபிளாட்டை நிர்வகிக்கும் கூட்டு நிர்வாக அமைப்பு) அனுமதி, குப்பை அள்ள லோரி என்று செலவு ஏறும், அதனால் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம், நான்கு நாளில் முடிந்துவிடும் என்றார். சரி என்று சொன்னது நான்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு குடும்பம் குடிவந்தது, இரண்டு பேருக்கும் தொழிற்சாலை வேலை, மூன்று வயதில் ஒரு பையன். குடிவந்த மூன்றாவது வாரம் கீழ்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மாவை அத்தை மாதிரி அப்படித்தான் கூப்பிடுவோம்) மேலே வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அவர் வீட்டுக் குளியலறை சீலிங்கில் மஞ்சளாகக் கறை படர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குகிறதாம்.

நான் வேலை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பேசினை வைத்திருந்தார், பாதி நிறைந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒரு வீடு நினைவுக்கு வந்துவிட்டது. நான் வளர்ந்தது ஜோர்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில். மழை வந்தால் அம்மா மூன்று இடத்தில் பேசின் வைப்பார், நான்காவது இடத்துக்குச் சோற்றுப் பானை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு அப்போது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, வாடகை மிகக் குறைவு, அதனால் வீட்டுக்காரர் கூரை ஓடுகளைக்கூட மாற்ற மாட்டார். கேட்கப் போனால் கொடுக்கிற வாடகைக்கு இது போதாதா என்பார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்ததென்று இப்போது புரிகிறது, ஆனால் நனைந்த மெத்தையில் படுத்தது நாங்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அந்தச் சட்டம் போனதும் வாடகை ஏறி, எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள் நகரத்தை விட்டு வெளியேறின, நாங்கள் பாயா தெருபோங் வந்தோம். வாடகை வீட்டில் தண்ணீர் ஒழுகினால் எப்படி இருக்கும் என்று தெரிந்த நானே இன்னொருவர் வீட்டுக்குள் தண்ணீரை இறக்கிவிட்டேனே என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், முதல் வீடு வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. டைல்ஸுக்கு இடையில் இருக்கும் கோடுகள் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுப்பது டைல்ஸுக்கும் சிமெண்டுக்கும் அடியில், கான்கிரீட் தளத்தின் மேல் பூசியிருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. முப்பது வருடப் பழைய வீட்டில் அந்தப் பூச்சு உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேலே எத்தனை டைல்ஸ் ஒட்டினாலும் அது சரியாகாது. அதோடு, புது டைல்ஸ் ஒட்டும்போது தரை உயர்ந்துவிடுகிறது, தண்ணீர் வடியும் துவாரத்தை நோக்கி இருந்த சாய்வு கெட்டுப்போகிறது, தண்ணீர் மூலையில் தேங்கி நிற்கிறது, வாசற்படியின் உயரமும் குறைந்துவிடுகிறது. என் வீட்டில் எல்லாமே நடந்தது.

மாடிவீட்டுத் தண்ணீர்க் கசிவுக்குச் சட்டமே இருக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். அடுக்குமாடி வீடுகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிகளில் இதற்கென்று தனிப் பகுதி உண்டு. கீழ்வீட்டுக்காரர் எழுத்தில் புகார் கொடுத்தால் ஜேஎம்பியோ நிர்வாகக் கழகமோ 7 நாளுக்குள் வந்து பார்த்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று 28ஆம் பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு விதமாக நிரூபிக்காதவரை கசிவு மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மேல்வீட்டுப் பிரச்சினைதான் என்று பாரம் வந்துவிட்டால், வந்த 7 நாளுக்குள் உரிமையாளர் சரிசெய்யும் வேலையில் இறங்கியாக வேண்டும். வாடகைக்கு இருப்பவர் மேல் பழியைப் போட முடியாது. இழுத்தடித்தால் கீழ்வீட்டுக்காரர் ஸ்ட்ராட்டா தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அங்கே 250,000 வெள்ளி வரை கேட்டு வழக்குப் போடலாம். மாக்சிக் அவ்வளவு தூரம் போகவில்லை. "சீக்கிரம் பார், எனக்குத் தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவ அந்த இடம் வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது முறை வேறு ஆளை வைத்துச் செய்தோம், இந்த முறை நான் விடுமுறை எடுத்துப் பக்கத்திலேயே நின்றேன். டைல்ஸ், பழைய சிமெண்ட் எல்லாவற்றையும் கான்கிரீட் தெரியும்வரை உடைத்தார்கள். உடைக்கும்போதுதான் சுவருக்குள் இருந்த இரும்புப் பைப் வெளியே தெரிந்தது. அந்தக் காலத்து வீடுகளில் இரும்புப் பைப்தான், உள்ளே துரு படிந்து படிந்து தண்ணீர் போகிற வழி சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. குடிவந்த தம்பி, "அக்கா, ஷவரில் தண்ணீர் வேகமாக வரவில்லை" என்று சொன்னபோது நான் ஷவர் தலையை மாற்றிக் கொடுத்திருந்தேன், கோளாறு சுவருக்குள் இருந்திருக்கிறது. பைப்பையும் மாற்றினோம். அப்புறம் தளத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, மூலைகளையும் துவாரத்தைச் சுற்றியும் அடைத்து, பூச்சை இரண்டு தடவை, ஒன்று குறுக்காக ஒன்று நெடுக்காக, சுவரில் ஒரு அடி உயரம் வரைக்கும் பூசினார்கள். குளிக்கிற இடத்தில் இன்னும் உயரமாக. காய்ந்த பிறகு துவாரத்தை அடைத்துத் தண்ணீரை நிரப்பி, மட்டம் எங்கே இருக்கிறதென்று சுவரில் கோடு போட்டுவிட்டு 24 மணி நேரம் அப்படியே விட்டார்கள். மறுநாள் மட்டம் இறங்கவில்லை, கீழே போய் மாக்சிக்கோடு சேர்ந்து டார்ச் அடித்துப் பார்த்தோம், சீலிங் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சாய்வு வைத்துச் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டவே விட்டேன். இந்தத் தண்ணீர்ச் சோதனையை உங்கள் கொட்டேஷனில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் அவசரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஒரு குளியலறைக்கு 4,500 வெள்ளி, இரண்டுக்கும் சேர்த்து 9,000. மாக்சிக் வீட்டு சீலிங்கை வேறு சரிசெய்து சாயம் அடித்துக் கொடுத்தோம். குடியிருந்த குடும்பம் இரண்டு வாரம் ஒரே குளியலறையில், தூசிக்கும் சத்தத்துக்கும் நடுவில், கைக்குழந்தை மாதிரி ஒரு பையனை வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் அந்த மாதம் பாதி வாடகை மட்டும் வாங்கினேன். வாங்கியிருக்கவே கூடாது என்று என் கணவர் சொன்னார். இப்போது நினைத்தால் அவர் சொன்னதுதான் சரி.

மின்சாரம் இன்னொரு விஷயம். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் குத்தகையாளர் சுவிட்ச் மூடிகளை மட்டும் புதிதாக மாற்றி, பழைய வயரை அப்படியே விட்டிருந்தார். குளியலறை வேலையோடு வாட்டர் ஹீட்டர் மாட்டப் பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தோம், வயதான சீன அங்கிள். அவர் ஹீட்டர் பாயின்டைக் கழற்றிக் கையில் பிடித்துக் காட்டினார், வயரின் மேலுறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, எர்த் வயர் இணைக்கப்படவே இல்லை. கரண்ட் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்கிற பாதுகாப்புக் கருவி பழைய 100 மில்லியாம்பியர் வகை. மனிதருக்கு ஷாக் அடிக்கும்போது அது விழும் என்று நம்பி இருக்க முடியாது, தண்ணீர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியாம்பியரில் ஒன்று வைக்க வேண்டும் என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார். அந்த ஹீட்டரின் கீழேதான் அந்தச் சின்னப் பையனைக் குளிப்பாட்டியிருப்பார்கள். இதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை. ஹாலில் பளபளக்கும் விளக்குகளுக்குக் கொடுத்த 2,800 வெள்ளியில் வீட்டின் வயரிங்கில் பாதியை மாற்றியிருக்கலாம். ஆர்சிசிபியில் 'டி' என்று ஒரு சோதனைப் பட்டன் இருக்கும், அதை மாதம் ஒரு தடவை அழுத்திப் பார்க்கும்படி குடியிருப்பவர்களிடம் சொல்லுங்கள். அழுத்தினால் கரண்ட் போக வேண்டும், போகாவிட்டால் கருவி வேலை செய்யவில்லை என்று பொருள்.

லேமினேட் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரத்துக்கும், தரையைத் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் நம் பழக்கத்துக்கும் அது ஒத்துவராது. ஓரங்கள் ஊதிக்கொண்டு எழும்பிவிட்டன. சமையலறையில் மட்டும் தெரியாமலே நல்லது செய்திருந்தோம், தூள்மரப் பலகை அலமாரிக்குப் பதிலாக அலுமினிய அலமாரி போட்டோம், சின்க்குக் கீழே ஒருமுறை பைப் ஒழுகியும் ஒன்றும் ஆகவில்லை, கறையானும் தொடாது.

குத்தகையாளரோடு பேசும்போது எல்லாவற்றையும் "மொத்தம் இவ்வளவு" என்று ஒரே தொகையாக வாங்காதீர்கள். உடைப்பது, குப்பை அள்ளுவது, வாட்டர்ப்ரூஃபிங், பைப், டைல்ஸ், கூலி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொன்னால்தான் எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். முன்பணம் முழுதாகக் கொடுத்துவிட்டு அப்புறம் ஆளைத் தேடி அலைந்த கதை நம் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது! வேலை நகர நகரப் பணம் கொடுங்கள், கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு மாதம் கழித்துக் கொடுங்கள். நான் 80 விழுக்காடு முன்னாலேயே கொடுத்திருந்தேன், அதனால்தான் கசிவு வந்தபோது முதல் ஆளை மறுபடி அழைத்து வேலை வாங்க முடியவில்லை. ஜேஎம்பியின் அனுமதிக் கடிதம், வைப்புத்தொகை, உடைக்கலாம் என்று அவர்கள் சொல்லும் நேரம், இவற்றையும் மதியுங்கள். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவர்கள் நம் மாடியிலேயே இருப்பார்கள், பாயான் லெப்பாஸ் பக்கம் சொல்லவே வேண்டாம்.

வரி விஷயத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முதல் வாடகையாளர் வருவதற்கு முன் வீட்டைத் தயார்படுத்தச் செய்த செலவை வாடகை வருமானத்தில் கழிக்க முடியாது, வருமான வரி வாரியம் அதைத் தொடக்கச் செலவாகவே பார்க்கிறது. வாடகைக்கு விட்ட பிறகு செய்யும் பழுதுபார்ப்பு, வீட்டுக் கடனின் வட்டி, மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக் காப்புறுதி இவற்றைக் கழிக்கலாம். அதற்காக முன்னால் செய்த செலவின் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறகு வீட்டை விற்க நேர்ந்தால், அதில் நிலைத்து நிற்கும் மேம்பாட்டுச் செலவுகளைச் சொத்து ஆதாய வரிக் கணக்கில் காட்டலாம். 2022 முதல் மலேசியக் குடிமக்கள் ஆறாவது ஆண்டிலோ அதற்குப் பிறகோ விற்றால் அந்த வரியே இல்லை, ஆனால் அதற்குள் விற்க வேண்டிய நிலை யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாதே. வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்ட மறக்காதீர்கள், கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாடகைக்கு ஆள் பார்த்தபோது வீட்டு முகவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எந்த இனத்தவர் வேண்டும்?" என் மகன் கோலாலம்பூரில் அறை தேடியபோது "இந்தியர்களுக்கு இல்லை" என்று எழுதியிருந்த விளம்பரங்களை அவனோடு உட்கார்ந்து படித்தவள் நான். சம்பளச் சீட்டு இருக்கிறதா, குழந்தை இருந்தால் மாடி ஏறி இறங்கச் சிரமம் இல்லையா, இது மட்டும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை. வரும்வரை விளம்பரத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்பதை நம்மைப் போன்ற சின்ன உரிமையாளர்கள்தான் முடிவு செய்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, வீடு வாங்கச் சொல்லி எழுதுகிறவர்களுக்கு இடம் கொடுக்கிறீர்கள், நல்லது. அதோடு ஒரு பதிவுபெற்ற வயர்மேனையும், நல்ல டைல்ஸ் வேலைக்காரர் ஒருவரையும், ஜேஎம்பியில் இருக்கும் நம் ஆட்கள் யாரையாவதும் ஞாயிறு பதிப்பில் மாறி மாறி எழுதச் சொல்லுங்கள். எழுத வராது என்றால் யாராவது போய்ப் பேசி எழுதி வாங்கட்டும். கை வேலை தெரிந்த நம் மக்கள் பினாங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் போய்க் கேட்பதில்லை.

அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். வேறு ஏதாவது செய்து தர வேண்டுமா என்று கேட்டேன். சமையலறை ஜன்னலுக்குக் கொசு வலை மட்டும் போதும் என்றார்கள், சனிக்கிழமை போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். வரும் வழியில் மாக்சிக் வீட்டுக் கதவு திறந்திருந்தது, உள்ளே கூப்பிட்டுச் சீலிங்கைக் காட்டினார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பாயான் லெப்பாஸ், பினாங்கு